கண்ணாடிக்குப் பதில் பொன்னாங்கண்ணி

பொன்னாங்கண்ணிக் கீரையை ஒரு மண்டலம் சாப்பிட்டால் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நம் பள்ளிக்கூடத்துத் தோழிகளின் கைப்பேசிக் குழுவில் நேற்றுக் காலையும் ஒரு செய்தி வந்தது. பச்சைப் பசேலென்று ஒரு கட்டுக் கீரை, அதன் தலைக்கு மேல் ஒரு சாமி படம். அனுப்பியவள் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவள். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மை போட்ட அத்தனை பேரும் கண்ணாடி போட்டவர்கள்தான். பாதிப் பேர் கண்புரை எடுத்துக்கொண்டவர்கள். இதுவரை யாரும் கண்ணாடியைத் தூக்கிப் போட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் குப்பையை இனிமேல் அனுப்பாதீர்கள் என்று நான் எழுதினேன். உடனே எல்லோருக்கும் மனசு புண்பட்டுவிட்டது. நல்லதைத்தானே சொல்கிறோம், கீரை உன்னை என்ன பண்ணிற்று என்று கேட்டீர்கள். ஒருத்தி மட்டும், வயதானால் சிலருக்கு இப்படிப் பித்தம் தலைக்கேறும், அதற்கும் கீரைதான் மருந்து என்று எழுதினாள்.

கீரை என்னை ஒன்றும் பண்ணவில்லை. கீரையைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் பண்ணியதைத்தான் சொல்லப் போகிறேன். அந்த வருஷம் நீங்களும் என்னோடு அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். எனக்குக் ‘கீரைக்கட்டு’ என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான். மறந்திருப்பீர்கள். பெயர் வைத்தவர்களுக்கு மறந்துவிடும்.

ஏழாம் வகுப்பு திறந்த ஆனி மாதம் அது. கரும்பலகையில் கணக்கு டீச்சர் எழுதுவது எனக்கு வெள்ளைப் புழுதியாகத் தெரிந்தது. முதல் பெஞ்சில் உட்கார்ந்தும் அப்படித்தான். பக்கத்தில் இருந்தவளின் நோட்டைப் பார்த்து எழுதுவேன். அவள் கையை வளைத்து மறைத்துக்கொள்வாள். மறைத்தது யார் என்று இப்போது சொல்லமாட்டேன், அவளும் இந்தக் குழுவில் இருக்கிறாள். டீச்சர் முதலில் காப்பியடிக்கிறேன் என்று அடித்தார். பிறகு ஒரு நாள் என்னைப் பலகைக்கு மிக அருகில் நிறுத்திப் படிக்கச் சொன்னார். கடகடவென்று படித்தேன். நாலடி பின்னால் போகச் சொன்னார். படிக்க முடியாமல் நின்றுவிட்டேன். அடித்த கையால் என் தலையைத் தடவிவிட்டு, அப்பாவை வரச் சொல் என்றார்.

அப்பா வந்தார். அவர் கடலை மண்டி ஒன்றில் கணக்குப்பிள்ளை. எப்போதும் அவர் சட்டையில் கடலைத் தோலின் சிவந்த தூசி ஒட்டியிருக்கும். பள்ளிக்கூடத்துக்கு வருவதற்காக முகம் கழுவி விபூதி பூசிக்கொண்டு வந்திருந்தார். பெண்ணுக்குக் கிட்டப்பார்வை போலிருக்கிறது, பெரியாஸ்பத்திரியில் காட்டிக் கண்ணாடி போட்டுவிடுங்கள் என்று டீச்சர் சொன்னார். அப்பா பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், கண்ணாடி என்பது கண்ணுக்குப் போடும் ஊன்றுகோல், ஒரு தடவை போட்டால் சாகும்வரை கழற்ற முடியாது, பச்சிலையில் இல்லாத வைத்தியமா என்று தொடங்கி, பாட வேளை முடிந்து மணி அடிக்கும் வரைக்கும் பேசினார். டீச்சர் சுண்ணாம்புக் கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். அதன் பிறகு என் கண்ணைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

அப்பாவுக்கு இந்தக் கீரை ஞானம் மண்டி முதலாளியிடமிருந்து வந்தது. முதலாளியின் வீட்டில் தொண்ணூறு தாண்டிய ஒரு கிழவி கடைசி நாள் வரை ஊசியில் நூல் கோத்தாளாம். பொன்னாங்கண்ணி தின்றதுதான் காரணமாம். முதலாளி சொன்னதை அப்பா எதிர்த்துக் கேட்டதே கிடையாது. அந்தக் கிழவி எத்தனை வருஷம் கீரை தின்றாள், அவள் கண்ணில் முதலில் குறை இருந்ததா என்று கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் உண்மையான காரணம் அது மட்டும் இல்லை. அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் சின்னப் பெண் கண்ணாடி போட்டால், பெரியவளுக்கும் கண்ணில் குறை இருக்கும், வம்சத்திலேயே குறை என்று ஊர் பேசும். இதைச் சொன்னவள் அத்தை. அப்பாவின் அக்கா. புருஷன் போன பிறகு எங்களோடு வந்து தங்கியவள். அம்மாவின் அடுப்படியில் அன்று முதல் அத்தையின் சொல்தான் நடந்தது.

“கண்ணாடி போட்ட பொண்ண எவன்டா கட்டுவான்? பெரியவள கரையேத்துற வரைக்கும் இந்தப் பேச்சே வேணாம். கீரையக் குடு, தானா சரியாப் பூடும்” என்றாள் அத்தை.

இப்படியாக என் கண்ணை அவர்கள் கீரையிடம் ஒப்படைத்தார்கள்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஒரு கீரைக்காரம்மா வருவாள். நனைந்த கோணிக்குள் கீரையைச் சுற்றி, கூடையில் அடுக்கி, தேரடித் தெரு முனையில் இறங்கி எங்கள் தெருவுக்கு நடந்து வருவாள். சந்தையில் கிடைக்கும் சிவப்புச் சீமைப் பொன்னாங்கண்ணியை அப்பா ஏற்கவில்லை. ஏரிக்கரையிலும் நெல் வரப்பிலும் தானாக முளைக்கும் நாட்டுக் கீரைதான் வேண்டும். கீரைக்காரம்மா அதைப் பறித்து வந்தாள். எங்கள் வாசலில் கோணியைப் பிரித்ததும் சேறும் தவளையும் கலந்த மாதிரி ஒரு வாசம் எழும். இன்றைக்கும் மழை நாளில் நனைந்த சாக்கு ஒன்று என் பக்கத்தில் கிடந்தால் எனக்குக் குமட்டும்.

காலையில் வெறும் வயிற்றில் பச்சைச் சாறு. அம்மா அம்மியில் அரைத்துப் பழைய வேட்டித் துணியில் பிழிந்து தருவாள். மத்தியானம் பருப்புப் போட்டுக் கடைந்த கீரை, அதோடு பொரியல். கீரையைக் கடைய எங்கள் வீட்டில் ஒரு கறுப்புக் கல்சட்டி இருந்தது. விளிம்பில் ஒரு பக்கம் உடைந்து, உடைந்த இடம் தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். அந்தச் சட்டி இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. போனதில் எனக்கு வருத்தமும் இல்லை. எத்தனை தண்ணீரில் அலசினாலும் அந்தக் கீரையில் மணல் மிச்சமிருக்கும். பல்லில் நறநறவென்று அரைபடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன். விழுங்காவிட்டால் அத்தை என் கன்னங்களை இரண்டு பக்கமும் அழுத்தி வாயைத் திறந்து ஊட்டுவாள். அவள் விரலில் புகையிலை நாற்றம் அடிக்கும். பள்ளிக்கூடத்துக்கு நான் பச்சை நிறப் பற்களோடு வந்தேன். மீதியை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள்.

அந்தக் கீரையில் என்னைத் தவிர வேறு யாருக்கும் பங்கு இல்லை. மருந்தைப் பங்கு போட்டால் வேலை செய்யாது என்பது அப்பாவின் கட்சி. அப்பாவுக்கும் அத்தைக்கும் குழம்பும் காயும். அக்காவுக்கு அதில் மிஞ்சியது. அம்மா எல்லோரும் எழுந்த பிறகு சட்டியை வழித்து மோரை ஊற்றிக்கொண்டு அடுப்படி மூலையில் சாப்பிடுவாள். சில நாள் அதுவும் இல்லை. அம்மாவுக்கு வேறொரு பழக்கம் இருந்தது. அரிசி புடைக்கும்போது முறத்திலிருந்து ஒரு பிடி பச்சை அரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பாள். அடுப்புச் சாம்பலைத் தொட்டு நாக்கில் வைப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். அத்தை அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, “அரிசி கம்மியாயிட்டே போவுது. வூட்ல எலி இருக்குதா, இல்ல ரெண்டு கால் எலியா?” என்று அப்பா காதில் விழும்படி சொல்வாள். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொள்வாள். கிணற்றடியிலிருந்து குடத்தோடு படியேறும்போது நடுவில் உட்கார்ந்துவிடுவாள். நடிக்கிறாள் என்று அத்தை சொல்வாள். அப்பாவும் அதை நம்பினார். நானும் நம்பியிருப்பேன். எனக்கு அம்மாவின் முகமே ஒழுங்காகத் தெரியாதே.

ஞாயிற்றுக்கிழமைகளில் பரீட்சை நடக்கும். அப்பா என்னை மாடிக்குக் கூட்டிப் போய், எதிர்ச்சாரியில் இருந்த சோடா கம்பெனியின் பலகையைப் படிக்கச் சொல்வார். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை என்றேன். அப்பா கீழே இறங்கிப் போய் அம்மாவைத் திட்டினார். கீரையை ஜாஸ்தி வேகவைத்துச் சத்தைக் கொன்றுவிட்டாளாம். அடுத்த வாரமும் தெரியவில்லை. புளி சேர்த்ததால் வீரியம் போய்விட்டதாம். அதற்கடுத்த வாரம் எண்ணெய். நான் ஒவ்வொரு தடவையும் தெரியவில்லை என்று சொல்ல, கீழே அம்மாவுக்குத் திட்டு விழும். மாடிப்படியில் நின்றுகொண்டு அதைக் கேட்பேன். கண் தெரியாதது என்னுடைய குறை, அதற்கு ஏன் அம்மாவை ஏசுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இப்போதும் முழுவதாக விளங்கவில்லை. ஒரு நம்பிக்கையைக் காப்பாற்றவேண்டுமானால் யாராவது ஒரு பெண் பிள்ளையின் சமையலில் தப்பு இருந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு கட்டத்தில் அப்பாவே பொறுமை இழந்து அடியெடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். முதல் எழுத்து ‘ஸ்ரீ’தானே, நல்லாப் பாரு, அப்புறம் என்ன என்பார். அவர் சொல்லச் சொல்ல அந்தப் பலகை எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஆடி முடிவதற்குள் முழுப் பலகையையும் ஒப்பித்தேன். அப்பாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. “எனக்குத் தெரியலப்பா. நீங்க சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆயிடுச்சு” என்றேன். அவர் சிரித்தார். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் மண்டியில் முதலாளி முதல் மூட்டை தூக்குகிறவர்கள் வரை, தன் மகளின் கண் கீரையால் திறந்த கதையைச் சொல்லிவிட்டார்.

அக்காவைப் பெண் பார்க்க வந்தது ஆவணியில். செய்யாற்றுப் பக்கத்துக் குடும்பம். மாப்பிள்ளைக்கு மின்வாரியத்தில் வேலை. வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். வீடு முழுக்கக் கேசரியும் மல்லிகையும் மணந்தது. என்னைத் தலைவாரிப் பாவாடை கட்டி நிறுத்தினார்கள். சுறுசுறுப்பான பிள்ளை, கண் கூர்மையான பிள்ளை என்று காட்டுவதற்காக அத்தை எனக்கு ஒரு வேலை வைத்திருந்தாள். பெரியவர்கள் இறங்கி வந்ததும் ஓடிப்போய் மாப்பிள்ளையின் அப்பா காலில் விழவேண்டும்.

வாசலில் ஆட்கள் நின்றார்கள். எனக்கு அவர்கள் வெள்ளைத் திட்டுகள், நிறத் திட்டுகள். “தோ நிக்கறாரு பாரு, வெள்ளச் சட்ட, வேட்டி. போய் விழு” என்று அத்தை முதுகில் தள்ளினாள். ஒரு வெள்ளைத் திட்டு ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அதன் காலில் விழுந்தேன். காலில் ரப்பர்ச் செருப்பு. டீசல் வாடை. அந்த மனிதர் பயந்துபோய்ப் பின்னால் குதிக்க, சொம்புத் தண்ணீர் என் முதுகில் கொட்டியது. அவர் வேன் டிரைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை அது. டிரைவர்தான் பாவம், கூசிப்போய் என்னைத் தூக்கிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா கிட்டே வந்து என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, “இன்னாம்மா, தூரத்துல இருந்தா தெரியாதா ஒனக்கு?” என்று கேட்டாள். நான் தெரியாது என்றேன். வேறென்ன சொல்வது.

“அதுக்கென்ன, கண்ணாடி போட்டாப் போச்சு” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. சொல்லிக்கொண்டே தன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஜாதகத்தைக் கொண்டு வாங்க என்று பாயில் உட்கார்ந்தார்.

அந்த இடத்தில் என் அப்பாவும் சிரித்திருந்தால் கதை முடிந்திருக்கும். அக்கா அந்த வீட்டில் வாழ்ந்திருப்பாள். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. எங்கள் வம்சத்தில் கண்ணில் குறை உள்ளவர்கள் யாரும் கிடையாது, என் பெண்ணுக்குக் கண் துல்லியமாகத் தெரியும், கீரையால் குணமான கண் அது, வேண்டுமானால் மாடிக்கு வாருங்கள், பலகையைப் படிக்கச் சொல்கிறேன் என்று குரலை உயர்த்தினார். அவர்கள் வேண்டாங்க, இருக்கட்டுங்க என்றார்கள். அப்பா விடவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு மற்றவர் வீட்டில் குறை தேட வந்தீர்களா என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். சொந்தக்காரர்களைக் கேட்டுவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். கேசரி தட்டிலேயே இருந்தது. அக்கா உள்ளறையில் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் பார்க்கவே இல்லை.

இத்தனை நாளாக எதற்குப் பயந்தார்களோ அந்தப் பயத்துக்கு அடிப்படையே இல்லை என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். வந்தவர்களுக்குக் கண்ணாடி ஒரு விஷயமாகவே படவில்லை. ஆனால் வேன் தெருமுனை திரும்புவதற்குள் அத்தை என்னை அறைந்தாள். கேசரித் தட்டு பக்கத்தில் இருந்தது, நான் அதன் மேல் விழுந்தேன். நெய்யும் சர்க்கரையும் பாவாடையில் ஒட்டிக்கொண்டன. சாறு பிழிவதில் அம்மாவுக்கு அக்கறை இல்லை, அதுதான் இவ்வளவுக்கும் காரணம் என்று அப்பா சொன்னார். நாளையிலிருந்து இரண்டு மடங்கு என்றார்.

அம்மா என்னைத் தூக்கி, ஒட்டியிருந்த கேசரியை ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

மறு வாரம் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். மாமா அங்கே வந்து காத்திருந்தார். அக்காதான் அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

கண் டாக்டர் ஒரு பெண்பிள்ளை. குரல் கரகரவென்று இருக்கும், சிரிக்கத் தெரியாத முகம். இருட்டறையில் உட்காரவைத்து, ஒரு கனமான இரும்புக் கூட்டை என் மூக்கில் மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். ஒரு வில்லை விழுந்ததும் சுவரில் எழுத்துகள் எழுந்து நின்றன. நான் எல்லாவற்றையும் படித்தேன். இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று டாக்டர் அம்மாவைக் கேட்டார். அம்மா பொன்னாங்கண்ணிக் கதையைத் திக்கித் திக்கிச் சொன்னாள்.

டாக்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. கீரை நல்லதுதான் என்றார். சத்துக் குறைந்து மாலைக்கண் வந்த பிள்ளைகளுக்கு அது உதவும், மலச்சிக்கலுக்கு நல்லது, ரத்தத்துக்கு நல்லது. ஆனால் இந்தப் பிள்ளையின் கண்விழி சற்று நீளமாக வளர்ந்திருக்கிறது, வண்டி வண்டியாகத் தின்றாலும் எந்தக் கீரையும் விழியைக் குட்டையாக்காது என்று சொன்னார். நம் குழுவில் கைகூப்பியவர்களுக்காக இதை அப்படியே எழுதுகிறேன். வேண்டுமானால் இதை நாலு பேருக்கு அனுப்புங்கள்.

டாக்டர் விளக்கைப் போட்டுச் சீட்டு எழுதத் தொடங்கியபோது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள். டாக்டர் எழுந்து வந்து குனிந்தார். கட்டைவிரலால் அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நகங்களைத் திருப்பிப் பார்த்தார்.

“பச்சரிசி திம்பியாம்மா?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“சாம்பல்? மண்ணு?”

அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அந்த இரும்புக் கூட்டை டாக்டர் இன்னும் என் மூக்கிலிருந்து கழற்றவில்லை. அதனால் எல்லாவற்றையும் நான் தெளிவாகப் பார்த்தேன். என் அம்மாவின் முகத்தை அவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. அவள் உதடு அவள் தோலின் நிறத்திலேயே இருந்தது. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, காதோரம் நரைத்திருந்தது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் நல்ல கண் இருந்ததே, ஒருத்தர் கூடவா இதைப் பார்க்கவில்லை என்று அப்போது நான் நினைத்தேனா, பிறகு வளர்ந்து நினைத்தேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆத்திரம் மட்டும் அன்றையது.

மாதத்தில் பாதி நாள் அவளுக்கு உதிரப்போக்கு இருந்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை கலைந்ததிலிருந்து. வீட்டில் அதை யாரிடம் சொல்வாள். பக்கத்து வார்டில் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். உடம்பில் ரத்தமே இல்லை, பச்சரிசியும் சாம்பலும் தின்னத் தோன்றுவது அதனால்தான் என்றார்கள். அவள் குடித்திருக்க வேண்டிய மருந்தெல்லாம் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி ஒரு பொட்டலம் நிறைய இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். உதிரப்போக்குக்கு லேடி டாக்டரைப் பார்க்க வேறொரு நாள் வரச் சொன்னார்கள். நாங்கள் கிளம்பும்போது கண் டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“மாத்திரய நிறுத்தக் கூடாது. கூடவே கீரையும் சாப்புடணும். முருங்கையோ, அந்தப் பொன்னாங்கண்ணியோ, எதுவா இருந்தாலும் சரி, நெறைய. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சாப்புடு. சாப்ட ஒடனே காப்பி குடிக்காத. கீரை ஒனக்குத்தான்மா வேணும், இந்தப் பிள்ளைக்கு இல்ல.”

அம்மா சரிங்க என்றாள். மாமா அழுதுகொண்டிருந்தார்.

கண்ணாடி சில நாளில் வந்தது. பெரிய பள்ளிவாசல் பக்கத்துக் கண்ணாடிக் கடையில் பாய் அதை என் காதில் மாட்டி, வளைத்துச் சரிபண்ணிக் கொடுத்தார். வெளியே வந்து பார்த்தால் ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையில் பாறைகள் இருந்தன. அதுவரை எனக்கு மலை ஒரு நீலப் போர்வை. வேப்பமரத்தில் இலைகள் தனித்தனியாக இருந்தன. ஊரிலிருந்த எல்லோருக்கும் இது தினமும் தெரிந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தபோது சந்தோஷம் வரவில்லை, பொறாமைதான் வந்தது.

வீட்டில் நடந்ததை விரிக்க வேண்டாம். அப்பா கண்ணாடியைப் பிடுங்கிப் பரண்மேல் வீசினார். ஒரு பக்கம் விரிசல் விட்டது. யாரைக் கேட்டுப் போனாய் என்று அம்மாவைக் கேட்டார். அம்மா ஸ்டூல் போட்டு ஏறிக் கண்ணாடியை எடுத்து என் மூக்கில் மாட்டிவிட்டு இறங்கினாள். இறங்கியதும் மூச்சு வாங்கியது. விரிசல் விட்ட கண்ணாடியோடுதான் அந்த வருஷப் பரீட்சை எழுதினேன். அதற்கும் நீங்கள் ஒரு பெயர் வைத்தீர்கள்.

அப்பா தன் தப்பை ஒப்புக்கொள்ளவே இல்லை. என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம்கூட, கண் சரியாகிக்கொண்டுதான் இருந்தது, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம், பொம்பளைங்க அவசரப்பட்டுவிட்டார்கள் என்று சொன்னார். சொன்னபோது அவர் மூக்கிலும் கண்ணாடி இருந்தது. அக்காவுக்கு அதன் பிறகு நாலு வருஷம் வரன் அமையவில்லை. அமைந்தது சுமாரான இடம். செய்யாற்றுக்காரர்கள் நல்லவர்கள் என்று அவள் இன்றைக்கும் ஒரு மாதிரிக் குரலில் சொல்வாள். அத்தை கடைசி வரை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். படுக்கையில் விழுந்த பிறகு அவளுக்கு ஊட்டிவிட்டவள் அம்மா. நானாக இருந்தால் ஊட்டியிருக்கமாட்டேன்.

ஆனால் கண்ணாடி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையை நான் சொல்லியாகவேண்டும்.

அன்றைக்கு அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, கூடத்தில் அப்பா உட்காருகிற இடத்துக்கு எதிரே ஒரு மணைப்பலகையைப் போட்டாள். தட்டை வைத்தாள். சோற்றைப் போட்டுக்கொண்டாள். கல்சட்டியில் இருந்த முருங்கைக்கீரையை அப்படியே தன் தட்டில் கவிழ்த்தாள். எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கி அதன் மேல் பிழிந்தாள். அப்பா கைகால் கழுவிவிட்டு, ஈரக் காலோடு வந்து நின்றார். எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் அவர் சாப்பிடாமல் யாரும் சாப்பிட்டதில்லை.

“இன்னாடி இது. ஆம்பள இன்னும் ஒக்காரல” என்றாள் அத்தை.

“தெரியுது அண்ணி” என்றாள் அம்மா. பிசைந்துகொண்டே சொன்னாள். “டாக்டரம்மா எனக்குத்தான் சொல்லியிருக்காங்க. எனக்கு மயக்கம் வருது. நான் சாப்புடறேன்.”

அப்பா நின்றார். திட்டப் போகிறார் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். கூடத்தின் மறுகோடியிலிருந்து, விரிசலுக்கு மேல் பக்கமாக, அம்மாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் போய் வருவது தெரிந்தது. அவசரமே இல்லை. பல்லில் காம்பு சிக்கியதோ என்னவோ, ஒரு தடவை நிறுத்தி, ஓரமாகத் துப்பிவிட்டு, மறுபடி உருட்டினாள். அப்பா கடைசியில் தன் இடத்தில் உட்கார்ந்தார். அத்தை அவருக்கு ரசம் ஊற்றினாள். அவர் தட்டில் ரசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

அம்மா தட்டை வழித்து முடித்தாள். அக்கா அடுப்படி நிலையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் மிச்சக் கீரையோடு இன்னொரு சட்டி இருந்தது. அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் வை” என்றாள்.